திறமை ஓர் அமானிதம்

ஆரணியின் நெசவுத் தெருக்களில் நடந்து செல்வோர் செவியில் முதலில் விழுவது தறியோசையே. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூர் பட்டுக்குப் பேர்போனது. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக நெய்யப்படும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் கை வேண்டும். நெய்பவர் அருகே அமர்ந்து கரைக்குரிய நாடாவைத் தள்ளிக் கொடுக்கும் அந்த இரண்டாம் கை, முற்காலத்தில் பெரும்பாலும் ஒரு சிறு பிள்ளையின் கையாகவே இருந்தது. இழை எண்ணியே வளர்ந்த அப்பிள்ளைகளுள் கணித மேதையாகத் தக்கவர் எத்தனை பேர் இருந்தனரோ, அல்லாஹ் ஒருவனே அறிவான்.

அறிவாற்றல் மிக்க பிள்ளையைக் கண்டறிந்து, வகுப்புப் பாடத்துக்கு அப்பாலும் அதற்குக் கற்பிக்க வேண்டும் என்பது மேலைநாட்டார் கண்ட புதுமை என்று நம்மவருள் சிலர் எண்ணுகின்றனர். நம் வரலாற்றை ஒரு முறை புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறிவிடும்.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 624இல், பத்ருப் போர் நிகழ்ந்தது. சிறைப்பட்டோருள் மீட்புப் பணம் கொடுக்க இயலாத, எழுத்தறிந்த சிலர், மதீனாவின் சிறுவர் பத்துப் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அவ்வாறு கற்றவர்களுள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என்பர். தந்தையை இழந்த பிள்ளை அவர். பெருமானார் மதீனா வந்தபோது பதினோரு வயதுச் சிறுவராக இருந்த அவர், அதற்குள்ளாகவே பத்துக்கு மேற்பட்ட சூராக்களை மனனம் செய்திருந்தார். அவருடைய நினைவாற்றலைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். அரைத் திங்களுக்குள் அவர் அதில் தேர்ச்சி பெற்றார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. எல்லாச் சிறுவர்க்கும் பொதுக் கல்வி. அதில் மேம்பட்டு விளங்கியவருக்கு அவர் ஆற்றலுக்கேற்ற தனிப்பணி. பிற்காலத்தில் குர்ஆனை ஒரே தொகுப்பாக்கும் மாபெரும் பொறுப்பு, அபூபக்கர் (ரலி) அவர்களால் இந்த ஸைதிடமே ஒப்படைக்கப்பட்டது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் பத்ருப் போர் கண்ட பெரியோர் கூடும் அவையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் இடம் அளிக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகளின் வயதுடைய இவருக்கு இங்கே என்ன வேலை என்று சிலர் குறைப்பட்டனர். கலீஃபா அவர்கள் வாதாடவில்லை. ‘நஸ்ர்’ சூராவின் கருத்து யாது என்று அவையினரிடம் வினவி, பின்னர் அவ்விளைஞரின் விளக்கத்தையும் கேட்கச் செய்தார்கள். அவரை அங்கு அமர்த்திய காரணம் அதன் பின் யாவருக்கும் விளங்கிற்று.

இனிக் கூஃபா நகருக்கு வருவோம். வறிய வீட்டுச் சிறுவர் ஒருவர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடத்தில் வந்து அமர்வார். அவருடைய தாயாரோ, மகன் துணி வெளுக்கும் தொழிலாளியிடம் வேலை கற்று நாலு காசு கொண்டுவந்தால்தான் அடுப்பெரியும் என்று பாடத்திலிருந்து அவரை இழுத்துச் செல்வார். இமாம் அவர்கள் அந்தத் தாயைக் கடிந்துகொள்ளவில்லை. மாணவரின் கையில் பணமுடிப்பைக் கொடுத்து, தீர்ந்ததும் சொல்லுமாறு கூறினார்கள். அவர் வாய்திறந்து கேட்கும் முன்பே அடுத்த முடிப்பும் வந்துவிடும் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அச்சிறுவரே பின்னாளில் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காஜியாக விளங்கி, ‘கிதாபுல் கராஜ்’ என்னும் வரிநூலை இயற்றிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்).

கி.பி. 1058இல் தூஸ் நகரில் பிறந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கதை நெசவூராருக்கு இன்னும் நெருக்கமானது. தந்தையார் கம்பளி நூற்று விற்றவர். அவர் மறைந்தபின், விட்டுச்சென்ற சிறு தொகையும் தீர்ந்தது. பிள்ளைகளைப் பொறுப்பேற்றிருந்த சூஃபி நண்பர், மாணவர்க்கு உணவளிக்கும் மதரஸாவில் சேருமாறு அவர்களுக்கு அறிவுரை கூறினார். நூல் நூற்றவரின் மகன், 1091இல் பக்தாதின் நிஸாமிய்யாவில் பேராசிரியராக அமர்ந்தார். மாணவர்க்குப் பாடத்தோடு சோறும் உறைவிடமும் அளிக்க வக்ஃபு ஏற்படுத்திய முன்னோரின் தீர்க்கதரிசனம் எத்தகையது! ஆரணிக்கு அருகிலுள்ள வேலூரில் அஃலா ஹஜ்ரத் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியும் அவ்வழியில் வந்ததே.

தமிழகத்தில் நடந்த ஒன்றையும் இங்கு நினைவுகூர வேண்டும். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார் இராமானுஜன். கணிதத்தில் மூழ்கியவர் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் திங்கள் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது 1913இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளை அவர் வறுமையில் கழித்தார். பிறந்தது 1887, மறைந்தது 1920 என்பதை எண்ணும்போது, வீணான ஆண்டுகளின் விலை நமக்குப் புலப்படும்.

விடுதலை பெற்ற இந்திய அரசு இவ்விஷயத்தில் வாளா இருக்கவில்லை. 1963இல் டில்லியில் பத்தே உதவித்தொகைகளுடன் தொடங்கிய அறிவியல் திறன் தேடல், மறு ஆண்டே நாடு முழுமைக்கும் விரிந்தது. 1966இல் அறிக்கை அளித்த கோத்தாரி கல்விக் குழு, திறன்மிக்க மாணவரைத் தேடிக் கண்டு வளர்ப்பது பற்றித் தனியே பேசிற்று. 2008 முதல் நடைபெறும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவர் எழுதலாம். நாடெங்கும் ஆண்டுதோறும் 1,00,000 பேருக்கு வழங்கும் அவ்வுதவியில் தமிழகத்தின் பங்கு 6,695. தேர்வு பெற்றவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திங்கள்தோறும் 1,000 ரூபாய். 2020இல் இயற்றிய சட்டத்தால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் கிடைத்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்கும் வாய்ப்பைக் கொண்டுவந்தது.

ஊரகத் திறனாய்வுத் தேர்வு என ஒன்றும் உண்டு. ‘டிரஸ்ட்’ என்று அதனை அழைப்பர்; அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அமானிதம் என்பதே பொருள். மாவட்டத்துக்கு ஆண் ஐம்பது, பெண் ஐம்பது என ஒன்பதாம் வகுப்பு மாணவரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு 1,000 ரூபாய் நான்காண்டுகள் வழங்குவர். ஆனால் நகராட்சி எல்லைக்குள் பயில்வோர் இதனை எழுத இயலாது. ஆகவே ஆரணியைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளியில் பயிலும் நெசவாளி வீட்டுப் பெண் எழுதலாம். ஆரணி நகரத்துள் பயிலும் நெசவாளி வீட்டுப் பெண் எழுதலாகாது. இருவர் வீட்டிலும் தறி ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். இத்தகைய விதிகளைப் பெற்றோர் அறியாதிருத்தல் ஆகாது.

கதவுகள் பல திறந்துள்ளன என்பதில் ஐயமில்லை. எனினும், தேர்வு என்பது ஏற்கெனவே ஆயத்தமாகி வந்த பிள்ளையையே கண்டெடுக்கும். ஆயத்தம் ஆவதற்கு மாலைப்பொழுது வேண்டும். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதைத் தடை செய்தபோதிலும், பள்ளி நேரம் போக, ஆபத்தற்ற குடும்பத் தொழிலுக்குத் துணைசெய்வதை அனுமதிக்கிறது. மற்ற பிள்ளை விளக்கடியில் கணக்குப் போடும் அந்த வேளையில், தறிவீட்டுப் பிள்ளை தார் சுற்றிக்கொண்டிருக்கலாம். கூஃபாவின் அந்தத் தாயைப் போன்றே இத்தாயும் குற்றவாளி அல்லள். பணமுடிப்புக் கொடுக்க ஓர் அபூஹனீஃபா இல்லாததே குறை.

இங்கு நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மக்தபில் ஓதிக்கொடுத்த ஆண்டுகளில், விரைந்து மனனம் செய்த பிள்ளையைப் பாராட்டினோம், “ஏன் உஸ்தாத்?” என்று ஓயாமல் கேட்ட பிள்ளையைக் குறும்பன் என அதட்டி உட்காரவைத்தோம். கேள்வி கேட்பதும் திறமையின் அடையாளமே என்று நமக்கு விளங்கியபோது அப்பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டிருந்தான். தேடி வந்த பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு இறங்கிய ‘அபஸ’ சூராவை எத்தனை முறை ஓதியிருப்போம்! நாடி வருபவரைப் புறக்கணிக்கலாகாது என்னும் அதன் படிப்பினை, பாடம் நடத்தும் வேளையில் நம் நினைவுக்கு வரவில்லை.

நம் ஜமாஅத்துகள் செய்யத்தக்கவை அரியவை அல்ல. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் இத்தேர்வுகளின் விவரத்தை உரிய காலத்தில் எழுதி வைக்கலாம். மஃரிபுக்குப் பின் மக்தபின் ஓர் அறையை ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திறந்து, கல்லூரியில் பயிலும் நம் இளைஞரைக் கற்பிக்க அமர்த்தலாம். மாலைக் கூலி இழக்கும் வறிய வீட்டுக்கு அவ்விழப்பை ஈடுசெய்ய ஸதகா நிதியில் ஒரு பங்கு ஒதுக்கலாம். பக்கத்துத் தெருவின் நெசவாளி எம்மதத்தவராயினும் அவர் பிள்ளைக்கும் அவ்வறையில் இடம் உண்டு என்பது சொல்லாமலே விளங்கும். பிற மதத்துக் கைதிகளை ஆசிரியராக ஏற்ற மதீனாவின் வழிவந்தோர் நாம்.

பிள்ளையின் திறமை பெற்றோரின் உடைமையன்று, ஆசிரியரின் பெருமையுமன்று. இறைவன் ஒரு வீட்டில் வைத்து ஊராரிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதம் குறித்து நாளை நாம் வினவப்படுவோம். அதனைக் கண்டறியும் கண்ணையும் பேணிக்காக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.