துப்பறிவாளனும் வரலாற்றாசிரியனும்

கொலை நிகழ்ந்தவிடத்துச் சான்றுகளை ஒப்புநோக்கிக் குற்றவாளியைக் காண்பது துப்பறிவாளன் தொழில். பழைய ஏடுகளை ஒப்புநோக்கி உண்மை காண்பது வரலாற்றாசிரியன் தொழில். இவ்விரண்டையும் ஒருங்கே பிணைத்த நாவல் ஒன்று உண்டு. ஜோசபின் ரே என்னும் புனைபெயர் பூண்ட ஸ்கொத்லாந்து எழுத்தாளர் 1951 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'காலத்தின் மகள்' என்பதே அது. உண்மை காலத்தின் மகள் என்னும் மேனாட்டுப் பழமொழி அப்பெயருக்கு மூலமாகும்.

கால் முறிந்து வைத்தியசாலையிற் கிடக்கும் கிறான்ற் என்னும் பொலிஸ் அதிகாரி, இங்கிலாந்து மன்னன் மூன்றாம் றிச்சாட்டின் ஓவியத்தைக் காண்கின்றார். கொலைஞன் முகமாக அது அவருக்குத் தோன்றவில்லை. ஐயம் ஆராய்ச்சியாக வளர்கின்றது.

1483 இல் நாலாம் எட்வேட் இறக்க, அவன் தம்பி றிச்சாட் அரியணை ஏறினான். இறந்த மன்னனின் மைந்தர் இருவரும் இலண்டன் கோபுரக் கோட்டையில் வைக்கப்பட்டனர். மூத்தவனுக்கு வயது 12, இளையவனுக்கு 9. பின்னர் அவர்களைக் கண்டாரிலர். கொன்றவன் சிறிய தந்தையே எனப் பாடநூல்கள் கூறிவந்தன.

அக்கூற்றின் வேரைக் கிறான்ற் தேடுகின்றார். றிச்சாட்டைப் பழித்து எழுதிய தோமஸ் மோர், அந்நாளில் ஐந்து வயதுப் பாலகர். றிச்சாட்டின் பகைவரான மோட்டன் என்னும் சமயத்தலைவரின் இல்லத்தில் இளமையிற் பணிபுரிந்தவர். 1485 இல் போர்க்களத்தில் றிச்சாட்டை வென்று முடிபுனைந்த ஏழாம் ஹென்றி, அச்சிறுவரின் தமக்கையை மணந்தான். எட்வேட்டின் மக்கள் முறைப்படி பிறந்தவரல்லர் எனக் கூறிய 1484 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, அதன் பிரதிகளை அழிக்கவும் ஆணையிட்டான். சட்டம் நீங்கின், உயிரோடிருக்கும் மைந்தருக்கே அரசுரிமை மீளும். ஆதலால் அவர்தம் இறப்பால் நன்மை பெற்றவன் ஹென்றியே என்பது கிறான்றின் தீர்ப்பு.

வாதம் கூரியது, ஆயினும் முழுமையானதன்று. மன்சினி என்னும் இத்தாலியர் 1483 இறுதியில் எழுதிய குறிப்பு 1936 இல் அச்சேறியது. சிறுவர் கொல்லப்பட்டனரோ என்னும் ஐயம் றிச்சாட்டின் ஆட்சியிலேயே மக்களிடை நிலவியதை அது காட்டுகின்றது. எனவே, அப்பழி முழுவதும் பின்வந்தோரின் புனைவென்றல் பொருந்தாது. 2012 இல் லெஸ்ரர் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட றிச்சாட்டின் எலும்புக்கூடும் இருசாராரையும் திருத்திற்று. முதுகெலும்பு வளைந்திருந்தது, ஆனால் பகைவர் கூறிய சூம்பிய கையைக் காணோம்.

நாவலுக்கு முடிவு வேண்டும். வரலாறோ சான்று நிற்குமிடத்தில் தானும் நிற்றல் வேண்டும். ஒருவன்மேற் சுமத்திய பழியைத் துடைத்தற்பொருட்டு, அதனை மற்றொருவன்மேற் சான்றின்றி ஏற்றுதலும் அநீதியேயாம். இந்நூலிலிருந்து மாணவர் கொள்ளத்தக்கது அதன் தீர்ப்பன்று. இதனைக் கூறியவர் யார், எப்போது கூறினார், நேரிற் கண்டாரா என அது எழுப்பும் வினாக்களேயாம்.