அரண்மனை வாசலும் ஆலை வாசலும்

மதுரையை ஆண்ட மன்னர்களின் பெயர்களையெல்லாம் மறந்துவிட்ட தமிழன்கூட, நீதி தவறினோம் என்று உணர்ந்த அந்த நொடியிலேயே அரியணையிலிருந்து விழுந்து உயிர்விட்ட ஒரு பாண்டியனை மறப்பதில்லை. சிலப்பதிகாரம் சொல்லும் அந்தக் கதையில் கண்ணகியின் சினத்தையும் ஊர் எரிந்ததையும் பேசுவோர் பலர். வாயிலில் நின்ற காவலனை நினைப்போர் சிலரே. தலைவிரி கோலமாய், கையில் ஒற்றைச் சிலம்போடு வந்த ஒரு வணிகக் குலப் பெண்ணை அவன் விரட்டவில்லை. உள்ளே சென்று அரசனிடம் அறிவித்தான், அரசனும் அவளை அழைத்துவரச் சொன்னான், அவள் கேட்ட கேள்விக்குச் செவி கொடுத்தான். அந்த அரசு அழிந்தது உண்மைதான். ஆயினும் அதன் வாசல் கடைசி நாள்வரை குடிமக்களுக்குத் திறந்தே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ருஷ்யச் சக்கரவர்த்தியின் வீழ்ச்சியை மதுரைச் சீமையார் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்று ஆராயப் புகும்போது, இந்த வாசலிலிருந்தே தொடங்குவது முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

1905-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பீட்டர்ஸ்பர்க் நகரத்துத் தொழிலாளர்கள் தங்கள் மனைவி மக்களோடு, கபோன் என்னும் பாதிரியாரின் தலைமையில், தெய்வத் திருவுருவங்களையும் ஜாரின் படங்களையும் ஏந்திக்கொண்டு, தோத்திரங்கள் பாடியவாறு குளிர்கால அரண்மனையை நோக்கி நடந்தனர். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. ஒரு விண்ணப்பம் இருந்தது. எட்டு மணி நேர வேலை, வயிற்றுக்குப் போதுமான கூலி, ஜனப் பிரதிநிதிகளின் சபை ஆகியவற்றை, தந்தையிடம் மக்கள் முறையிடுவதுபோல அதில் எழுதியிருந்தார்கள். ஜார் இரண்டாம் நிக்கோலஸ் அன்று அரண்மனையிலேயே இல்லை. வாசலில் நின்றவை துப்பாக்கிகள். நூற்றுக்கு மேற்பட்டோர் பனித்தரையில் விழுந்து மாண்டனர். ரோமானோவ் வம்சம் முடியிழந்தது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே என்றாலும், ஜனங்களின் உள்ளத்தில் அது முடியிழந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையன்றுதான் என்பது என் துணிபு.

அந்த ஆண்டுக் கிளர்ச்சியின் செய்தி தமிழ்நாட்டின் தென்கோடிக்கு எட்டி, ஆலைத் தொழிலாளர்களின் செவியில் விழுந்ததற்குக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவர், அந்நாளைய மதுரை ஜில்லாவைச் சேர்ந்த வத்தலக்குண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா ஆவார். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலை நிறுத்தம் செய்தபோது, வ. உ. சிதம்பரம் பிள்ளையோடு தோளுக்குத் தோள் நின்று பேசிய சிவா, ருஷ்யப் புரட்சியைத் தம் பேச்சுகளில் எடுத்துக்காட்டினார். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆலை நிர்வாகம் இறங்கிவந்தது, தொழிலாளர் வென்றனர், ஒரு வாரத்திற்குள் தலைவர்கள் சிறை புகுந்தனர். அந்தக் கோரல் மில்லை நடத்திய ஹார்வி சகோதரர்களே மதுரை ரயில் நிலையத்தின் அருகில் பெரும் நூற்பாலையை நிறுவியவர்கள். ஆகவே, தூத்துக்குடியில் எழுந்த குரல் மதுரைக்கு அந்நியமானதன்று. இரண்டு ஊர்த் தொழிலாளிக்கும் முதலாளி ஒருவரே.

1917-இல் ஜாரை வீழ்த்திய கிளர்ச்சியையும் ஆலைப் பெண்களே தொடங்கிவைத்தார்கள். மார்ச் 8-ஆம் தேதி, பெட்ரோகிராட் எனப்பட்ட அதே பீட்டர்ஸ்பர்க் நகரின் வைபோர்க் பகுதியில், விடியுமுன் எழுந்து ரொட்டிக் கடை வாசலில் பனியில் காத்து நின்று, கிடைக்காமல் திரும்பி, பிறகு ஆலைக்கும் சென்று உழைக்க வேண்டியிருந்த பெண்கள், தறிகளை விட்டுத் தெருவில் இறங்கினர். அண்டை ஆலைகளின் ஆண்களையும் வெளியே அழைத்தனர். ரஷ்ய தேசத்தில் தானியம் அடியோடு இல்லாமற்போய்விடவில்லை. மூன்றாவது ஆண்டாக நடந்துகொண்டிருந்த மகா யுத்தம் ரயில் வண்டிகளையெல்லாம் விழுங்கிவிட்டதால், விளைந்த இடத்துக் கோதுமை வேண்டிய இடத்திற்கு வந்து சேரவில்லை. சுட ஏவப்பட்ட சிப்பாய்கள் சில நாட்களில் சுட மறுத்தார்கள்; சேனை ஜனங்களோடு சேர்ந்துகொண்டது. தலைநகர் திரும்ப முயன்ற ஜாரின் ரயில் வழி மறிக்கப்பட்டு, பிஸ்கோவ் நிலையத்தில் நின்றது. மார்ச் 15-ஆம் தேதி அந்த ரயில் பெட்டியிலேயே அவர் முடி துறந்து கையொப்பமிட்டார்; மறுநாள் அவருடைய தம்பி மைக்கேலும் முடியை ஏற்க மறுத்தார். 1613 முதல் முந்நூற்று நான்கு ஆண்டுகள் நிலைத்த ஒரு ராஜவம்சம் ஒரு வாரத்திற்குள் ஒழிந்தது.

இதைத் தமிழில் பாடியவர், மதுரையில் ஆசிரியராயிருந்த ஒருவரே. சுப்பிரமணிய பாரதி 1904-ஆம் ஆண்டில் ஆகஸ்டு தொடங்கிச் சில மாதங்கள் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பண்டிதராய் வேலை பார்த்தார். அச்சேறிய அவருடைய முதற்பாடலும் அவ்வாண்டு மதுரையிலிருந்து வந்த விவேகபானு பத்திரிகையில்தான் வெளியாயிற்று. எட்டயபுரம் ஜமீன்தாரின் நிழலில் வாழ்ந்து, ராஜசேவகத்தின் சுகத்தையும் அவமானத்தையும் ஒருங்கே அறிந்து, அதை உதறிவிட்டு வந்த மனிதர் அவர். ஆதலால், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தபோது ஜார் வீழ்ந்த செய்தி கேட்டு அவர் அடைந்த பரவசத்திற்குச் சொந்த அனுபவத்தின் சூடும் இருந்தது. புதிய ருஷ்யா என்ற அந்தப் பாடலில் அவர் ஜாரை இரணியனுக்கு ஒப்பிட்டார். வீழ்த்தியவள் பராசக்தி என்றார்.

இந்த உவமை மதுரைச் சமவெளியில் வாழ்வோர்க்கு ஏட்டுச் செய்தியன்று. நகருக்குக் கிழக்கே, யானைமலையின் அடிவாரத்தில், நரசிங்கம் என்ற ஊரில், தூணைப் பிளந்து வந்து இரணியனை வதைத்த நரசிம்மரின் குடைவரைக் கோயிலை 770-ஆம் ஆண்டு வாக்கில் பாண்டியனின் அமைச்சன் மாறன் காரி குடைவித்தான். அன்று முதல் இன்றுவரை, வயற்காட்டு வரப்பில் நடந்து போகிற உழவனுக்கும் இரணியன் யார் என்பது தெரியும். தூண் பிளந்ததும் தெரியும். மார்க்ஸின் நூல்கள் இச்சீமைக்கு வந்து சேர்வதற்குப் பல்லாண்டுகள் முன்னமே, கொடுங்கோல் தன் பாரத்தாலேயே பிளவுபடும் என்னும் நம்பிக்கை இங்கே கல்லில் செதுக்கப்பட்டுவிட்டது.

ஆனால் அப்பாடலில் லெனினின் பெயர் இல்லை என்பதையும் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். கவி கொண்டாடியது ஜாரின் வீழ்ச்சியை, குடியரசின் உதயத்தை. போல்ஷ்விக்குகள் நவம்பர் 7-ஆம் தேதி ஆட்சியைக் கைப்பற்றி, மறுநாளே சமாதானத்திற்கும் நிலத்திற்குமான இரு பிரகடனங்களை வெளியிட்டபோது, உலகெங்கும் உழைப்பாளிகளின் நெஞ்சம் குளிர்ந்ததில் வியப்பில்லை. நிலப்பிரபுக்களின் நிலம் நஷ்டஈடின்றிக் குடியானவருக்கு என்று அதற்கு முன் எந்தப் பெரிய அரசும் அறிவித்ததில்லை. எனினும், 1918 ஜனவரியில், ஜனங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அரசியல் நிர்ணய சபை ஒரே நாள் கூடியபின் கலைக்கப்பட்டது. ஜூலையில் ஜாரும் அவர் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் எக்கதரின்பர்க்கில் ஒரு வீட்டின் நிலவறையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாரதி தம் இறுதிக்கால உரைநடையில், பொதுவுடைமைக் கொள்கையைப் போற்றிய அதே பேனாவால், கொலையின் வழியே அதை நிலைநாட்ட முடியாது என்று லெனின் வழியை மறுத்து எழுதினார். அதை அவருடைய தயக்கம் என்று ஒதுக்கிவிடுவார் உண்டு. நான் அதை அவருடைய தீர்க்கதரிசனம் என்பேன். பிற்காலத்தில் நிலங்களைக் கூட்டுப் பண்ணைகளாக்கியபோது, 1932-33-இல் உக்ரேன் முதலிய பகுதிகளில் லட்சக்கணக்கான குடியானவர்கள் பசியால் மடிந்தார்கள்; அவர்கள் முறையிடப் போவதற்கு ஒரு வாசல் இல்லை. குளிர்கால அரண்மனையின் வாசலைத் தகர்த்து எழுந்த அரசு தன் வாசலையும் சாத்திக்கொண்டதே அந்த வரலாற்றின் பெருந்துயரம். தோன்றி எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1991 டிசம்பரில், அந்த அரசும் மறைந்தது.

மதுரையிலோ, வீழ்த்துவதற்கென்று ஒரு சிம்மாசனம் மிஞ்சியிருக்கவில்லை. இரண்டு நூற்றாண்டுகள் ஆண்ட நாயக்க வம்சம் 1736-இல் சந்தா சாகிபின் வஞ்சகத்தால் ராணி மீனாட்சியோடு முடிந்தது; 1801-இல் பாளையக்காரர்களின் எதிர்ப்பை அடக்கிய கும்பினியார், ராமநாதபுரம், சிவகங்கை முதலிய சமஸ்தானங்களை வரி வசூலித்துக் கட்டும் ஜமீன்களாக்கினர். அந்த ஜமீன்தார்களைப் பற்றிப் பேசும்போது நியாயம் தவறக்கூடாது. விவேகானந்தரை ஆதரித்த பாஸ்கர சேதுபதியும், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரும் தமிழுக்குச் செய்த உபகாரம் அழியாதது. ஆனால் அவர்களின் கொடைக்கு மூலமான வாரத்தையும் வரியையும் கொடுத்த குடியானவனின் கணக்கை எழுதியவர் இல்லை. திருமலை நாயக்கர் மகாலில் ஆங்கிலேயர் ஜில்லா நீதிமன்றத்தை வைத்தார்கள். அரசன் கொலுவீற்றிருந்த தூண்களின் இடையே வக்கீல் குமாஸ்தாக்கள் நடந்தார்கள். வழக்குக் கட்டுகளோடு கிராமத்தார் காத்திருந்தார்கள்.

ஆகவே, அரண்மனை வாசலில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு இங்கே ஆலை வாசலுக்கு வந்தது. மழை பொய்த்த வானம் பார்த்த பூமியை விட்டுப் பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஹார்வி மில்லின் சங்கொலிக்கு எழுந்தார்கள், சங்கொலிக்கு உண்டார்கள், பஞ்சுத் தூசியை மூச்சில் வாங்கிக் கதிரோடு கதிராய் நின்றார்கள். ஊரில் வெவ்வேறு தெருக்களில் வாழ்ந்து, ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடியாத பல சாதியினர் ஒரே மில் கேட்டில் நுழைந்தனர். சாதியின் பிடி அதனால் அறுந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கூலி வெட்டும்போது மேஸ்திரியின் பேனா எல்லாருக்கும் ஒரே அளவாய் வெட்டியது, அந்த வேதனை அவர்களை ஒரே கூட்டத்தில் அமர வைத்தது.

அந்தக் கூட்டங்களில் பேசியவர்கள் வந்த வழிகள் விசித்திரமானவை. ஜார் வீழ்ந்த 1917-இலேயே மதுரையில் பிறந்த கே. பி. ஜானகி அம்மாள், சிறுமியாய் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கதாநாயகியாய் உயர்ந்து, மேடையில் தேசியப் பாட்டுப் பாடி அரசியலுக்கு வந்தவர். தம் நகைகளையும் பட்டுப் புடவைகளையும் விற்று இயக்கத்திற்குக் கொடுத்தவர். நடிகை என்றால் ஏளனமாய்ப் பேசும் ஒரு சமூகத்தில், ஆலைத் தொழிலாளியின் குடிசையிலும் உழவன் வீட்டுத் திண்ணையிலும் அவரை அம்மா என்று அழைத்தார்கள் என்றால், அந்த மரியாதையை அவர் எத்தனை சிறைவாசங்களால் சம்பாதித்திருக்க வேண்டும்! யுத்த எதிர்ப்புப் பிரசாரத்திற்காகத் தென்னிந்தியாவில் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதான முதற்பெண்மணி அவரே என்பர். அமெரிக்கன் கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்த என். சங்கரய்யா, 1941-இல், பி. ஏ. இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருக்கையில் கைது செய்யப்பட்டார். பட்டம் பெறாமலே அவர் வாழ்க்கை சிறைக்கும் மேடைக்கும் உரியதாயிற்று. தஞ்சைச் சீமையிலிருந்து வந்த பி. ராமமூர்த்தி தொழிற்சங்கத்தைக் கட்டும் நுட்பத்தை அறிந்தவர். இவர்களெல்லாம் தேச விடுதலைக் கிளர்ச்சியின் வழியே பொதுவுடைமைக்கு வந்தவர்கள் என்பது முக்கியம். ருஷ்யா அவர்களுக்கு ஓர் உதாரணம், மதுரை அவர்களுக்கு ஊர்.

அவர்கள் பாதை எப்பொழுதும் நேராய்ச் சென்றது என்று எழுதினால் சரித்திரத்திற்குத் துரோகம் செய்தவனாவேன். 1942 ஆகஸ்டில் தேசமே வெள்ளையனை வெளியேறச் சொன்னபோது, ருஷ்யாவை ஹிட்லர் தாக்கியதை முன்னிட்டு அந்த யுத்தத்தை மக்கள் யுத்தம் என்று அவர்களுடைய கம்யூனிஸ்டுக் கட்சி கூறியது. மாஸ்கோவின் ஆபத்தைக் கண்டவர்கள் மதுரை வீதியின் மனத்தைக் காணத் தவறினர். ஆயினும் யுத்தம் முடிந்தபின், விலைவாசியும் அரிசிப் பஞ்சமும் ஏழைகளை வாட்டிய நாட்களில், ஆலைவாசலில் அவர்களே முன்னின்றார்கள். 1946 இறுதியில் ராமமூர்த்தி, சங்கரய்யா, ஜானகி அம்மாள் முதலியோர் மீது மதுரைச் சதி வழக்குத் தொடரப்பட்டது. பல மாதச் சிறைவாசத்திற்குப் பின் அவர்கள் விடுதலையான நாள் 1947 ஆகஸ்டு 14. சிறைவாசலைக் கடந்து அவர்கள் வெளியே வந்தது, தேசம் விடுதலை பெறவிருந்த அந்த இரவில்.

அடுத்த நான்கு ஆண்டுகள் இருண்டவை. 1948-இல் கல்கத்தாவில் கூடிய கட்சி மாநாடு, புதிய சுதந்திரம் போலியானது என்று கருதி ஆயுதப் போராட்ட வழியை ஏற்றது. அரசாங்கம் கட்சியைத் தடை செய்தது. 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கைதிகள் இறந்தனர். மறு ஆண்டு மதுரைச் சிறையில் பாலு என்னும் இளைஞர் தூக்கிலிடப்பட்டார். இன்றும் இச்சீமையில் அவருக்குத் தூக்குமேடை பாலு என்பதே பெயர். கட்சியின் வழி தவறு என்று கருதுகிற நானும், கைதியின் மேல் பாய்ந்த குண்டை நியாயம் என்று ஒருபோதும் சொல்லேன். இதே காலத்தில், 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால், சென்னை ராஜதானியின் ஜமீன்களெல்லாம் ரயத்துவாரி நிலங்களாயின. ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல், ஒரு கெஜட் அறிவிப்பில், சேதுபதிகளின் ஆட்சியுரிமை அற்றுப்போயிற்று. பத்திரிகையின் உட்பக்கத்தில் அச்சான அச்செய்தி, ராமநாதபுரத்துக் குடியானவனுக்கு ஜாரின் வீழ்ச்சிக்குக் குறைந்ததன்று.

வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதற்பொதுத் தேர்தல் 1952-இல் நடந்தபோது, ராமமூர்த்தி சிறைக்குள்ளிருந்தே மதுரை வடக்குத் தொகுதியில் போட்டியிட்டு வென்றார். கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்துப் பதவியேற்ற ராஜாஜியின் எதிரே, சென்னைச் சட்டசபையில் அவர் அமர்ந்தார். ஆந்திரம் பிரிந்தபின் எதிர்க்கட்சித் தலைவருமானார். 1957-இல் பாரிஸ்டர் கே. டி. கே. தங்கமணியை மதுரை லோக்சபைக்கு அனுப்பியது. கட்சி இரண்டாய்ப் பிளந்த பிறகும், 1967-இல், ராமமூர்த்தி டில்லிக்கும், மதுரை மேற்கிலிருந்து சங்கரய்யாவும் மதுரை கிழக்கிலிருந்து ஜானகி அம்மாளும் சென்னைச் சட்டசபைக்கும் சென்றார்கள். ஆட்சி அவர்கள் கைக்கு ஒருநாளும் வரவில்லை. ஆலைக் கூலியையும் உழவனின் குத்தகையையும் பற்றி மந்திரிகளை எழுந்து நின்று பதில் சொல்ல வைக்கும் உரிமை வந்தது. அதை அவர்கள் அயராமல் பயன்படுத்தினார்கள்.