உடம்புக்குள் எட்டிப் பார்த்த கதை

பழவேற்காடு என் மனைவியின் ஊர். பணி ஓய்வுக்குப் பிறகு நானும் இங்கேயே தங்கிவிட்டேன். ஏரியில் வலை போட்டுப் பிழைத்த என் மச்சானுக்கு ஒரு ஸ்கேன் படத்தால் நேர்ந்ததை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

1895-இல் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். முதல் உலகப் போரில் மேரி க்யூரி அம்மையார் அந்தக் கருவியை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டுபோனார். 'குட்டி க்யூரி' என்று அந்த வண்டிகளுக்குப் பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு இது பழகிய கதை. சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. ரொட்டியைத் துண்டு போடுவதுபோல் தலையை அடுக்கடுக்காகக் காட்டும் கருவி அது. 1979-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவும் டாக்டரின் கண்ணுக்குத்தான். நோயாளிக்கு மிஞ்சுவது ஒரு பெரிய கவர்.

அந்தக் கவரோடுதான் மச்சானும் ஒரு நாள் வந்து நின்றார். தீராத தலைவலி, இடது கண்ணில் மங்கல். பிலிமை வெளிச்சத்தில் பிடித்து, "இதோ கட்டி, ஆபரேஷன் செய்யணும்" என்று இரண்டே நிமிடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கட்டி மூளைக்கு வெளியே, அதன் உறையில் இருந்தது. மச்சானுக்கோ மூளையையே அறுக்கப் போகிறார்கள் என்று பயம். "புத்தி கெட்டுப் பிழைக்கிறதைவிட இப்படியே போயிடறேன், மாப்பிள்ளை" என்று படுத்துவிட்டார். ஃபைல் பார்த்தே காலம் கழித்த எனக்கும் அந்தப் படம் புரியவில்லை. ஐந்து மாதம் போயிற்று. இடது கண் முழுக்க இருண்டது.

பிறகு வேறொரு இடத்தில், ஓர் இளம் டாக்டர் முதலில் கேட்டது, "ஐயா, என்ன தொழில்?" என்றுதான். கேட்டுக்கொண்டு, "கட்டி ஏரிக்குள்ள இல்லீங்க. முகத்துவாரத்துல மணல் மேடு விழுமே, அந்த மாதிரி. ஏரியைத் தொடாம மணலைத்தான் எடுக்கப்போறோம்" என்றார். மச்சான் அன்றே கையெழுத்துப் போட்டார். இன்று நலமாக இருக்கிறார். கண் மட்டும் திரும்பவில்லை.

இந்த விளக்கத்தை நோயாளியின் கண்ணெதிரே காட்ட இப்போது கருவியே வந்துவிட்டது. 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்டு தலையில் மாட்டிப் பார்க்கும் திரையை அமைத்தார். கனம் தாங்காமல் அதைக் கூரையில் தொங்கவிட்டிருந்தார்களாம். மெய்நிகர் என்று நாம் சொல்லும் அந்தப் பெயரை, பிரெஞ்சு நாடகக்காரர் அந்தோனேன் ஆர்த்தோ 1938-இல் வெளியான தம் புத்தகத்திலேயே நாடகத்துக்கு வைத்திருக்கிறார்! இன்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், ஸ்கேன் படங்களைச் சேர்த்து முப்பரிமாணமாக்கி, நோயாளியின் கண்ணில் கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். தன் மூளையைத் தானே சுற்றிப் பார்த்து, கட்டி எங்கே, வழி எங்கே என்று அவர் தெரிந்துகொள்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யிலும் மெய்நிகர் நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் உண்டு.

அந்தக் கண்ணாடி நம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வர நாளாகலாம். அதுவரை, நண்பர்களே, ஸ்கேன் கவரை வாங்கி பீரோவில் வைக்காதீர்கள். "எங்கே இருக்கு, என்ன செய்யப்போறீங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்காமல் போனதற்கு எங்கள் வீட்டில் ஒரு கண் விலையாகப் போயிற்று.