பாட்டு போன பாதை – 11: புத்தகச் சந்தைக்கு வந்த குதிரைகள்

கல்கத்தாப் புத்தகச் சந்தை அந்நாளில் மைதானத்தில்தான் நடக்கும். குளிர்காலத்து வெயிலில், சனங்களின் கால்கள் கிளப்பிய புழுதிக்குள் நின்று புத்தகம் புரட்டுவது அந்த ஊரின் வருடாந்த வழக்கம். 1995ஆம் ஆண்டுச் சந்தையில் புத்தகங்களுக்கு நடுவே ஒரு கசெற்றும் வந்தது. பெயர் 'ஆபார் பொச்சொர் குரி பொரே'. திரும்பவும், இருபது வருடம் கழித்து என்று பொருள். வெளியிட்டது 'மொஹினேர் கோராகுலி' என்ற றொக் இசைக்குழு. அது கலைந்து அப்போது பதினான்கு வருடங்கள். இயங்கிய காலத்திலும் கல்கத்தாவில் பெரும்பாலானோர் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

நீண்ட மௌனத்தின் பின் திரும்பி வந்த இசைக்குழுக்கள் உலகில் பல உண்டு. 1973இல் பிரிந்த கூட்டணியை மறுபடி சேர்த்துக்கொண்டு டீப் பேர்ப்பிள் 1984இல் இசைத்தட்டு வெளியிட்டபோது, பழைய இரசிகர்கள் அதைக் கையேந்தி வாங்கினார்கள். அவர்களுக்குக் காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். மொஹினேர் கோராகுலிக்கு அப்படி ஒரு கூட்டம் இருக்கவில்லை. இல்லாத கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

கதையின் நடுவில் நிற்பவர் கௌதம் சட்டோபாத்யாய். நண்பர்களுக்கு மோனிதா. அறுபதுகளின் கடைசியில் கல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட் விடுதிகளில் ஆங்கிலப் பாட்டு வாசித்த 'தி ஏர்ஜ்' என்ற குழுவில் அவர் கிற்றார்க்காரர். இரவில் மேற்கத்திய இசை. பகலில் வேறு அலை. நக்சல்பாரி எழுச்சி வங்கத்து மாணவர்களை இழுத்துப்போன காலம் அது. கௌதமும் போனார், பிடிபட்டார், சிறையிருந்தார். வெளியே வந்த பின் சில காலம் மத்தியப் பிரதேசத்தில் மருந்துக் கம்பனிப் பிரதிநிதியாக அலைந்தார். ஊர் திரும்பியதும் தென் கல்கத்தாவின் நாக்தலாவில் இருந்த வீட்டில் ஆட்களைச் சேர்த்தார். தம்பிமார் பிரதீப்பும் விஸ்வநாத்தும், உறவினர் ரஞ்சன் கோஷால், நண்பர்கள் தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய், வயலினும் பியானோவும் வாசித்த ஆபிரகாம் மஜும்தார் என ஏழு பேர். 1975 வாக்கில் குழு உருவானது. இந்திராவின் அவசரநிலை நாட்டின் வாயைக் கட்டியிருந்த வருடம் அது.

குழுவின் பெயர் ஜீபனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து வந்தது. மொஹின் என்பவரின் குதிரைகள் நிலா வெளிச்சத்தில் மேயும் காட்சி அது. றொக் குழுவுக்கு இப்படிப் பெயர் வைத்ததிலேயே அவர்கள் எந்தத் திசையில் நடக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். அந்நாளில் இந்தியாவில் கிற்றார் தூக்கிய பெடியள் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பாடினார்கள். இவர்கள் வங்காளத்தில் பாடினார்கள். பாட்டின் பொருளோ கல்கத்தா நகரம், பறவைகள், வேலையில்லாதவனின் மாலைப்பொழுது. மெட்டுக்கு பாவுல் பாடகர்களிடம் போனார்கள். ஒற்றைத் தந்தி ஏக்தாராவோடு ஊரூராகப் பாடித் திரியும் அந்த ஞானப் பரதேசிகளின் மெட்டை எடுத்து, அடியில் பேஸ் கிற்றாரையும் மேலே வயலினையும் சாக்சபோனையும் வைத்தார்கள். பாவுல் ஜாஸ் என்று கௌதம் இதைச் சொல்வதுண்டு. அந்தப் பழைய பதிவுகளை இன்று கேட்டால் ஒலிப்பதிவின் ஏழ்மை காதில் உறுத்தும், பாட்டு உறுத்தாது. ட்ரம்ஸ் தயங்கி நிற்கும் இடத்தில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். ஏழு பேரும் ஒரே அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது கேட்கும்.

1977, 1978, 1979 என்று மூன்று வருடங்களில் மூன்று சிறிய இசைத்தட்டுகள். மூன்றையும் சேர்த்தாலும் பத்துப் பாட்டுத் தேறாது. ரவீந்திர சங்கீதத்திலும் ஹேமந்தா, மன்னா தேயின் குரல்களிலும் ஊறிய வங்காள நடுத்தர வீடுகளுக்கு இது என்னவென்றே விளங்கவில்லை. விளங்கிய சிலர் பகிடி பண்ணினார்கள். 1980இல் கல்கத்தா ஜாஸ் விழா மேடை கிடைத்தது. 1981இல் குழு கலைந்தது. சண்டை சச்சரவு எதுவும் காரணமாகச் சொல்லப்படுவதில்லை. சோறு வேண்டியிருந்தது. ரஞ்சன் பெங்களூருக்கு விளம்பரத் தொழிலுக்குப் போனார். விஸ்வநாத் அமெரிக்கா போனார். கௌதம் திரைப்படத்துக்கு நகர்ந்து 'நாகமோதி' என்ற படத்தை எடுத்தார். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. பாட்டுக்குக் கிடைக்காத மரியாதை படத்துக்குக் கிடைத்தது.

இந்தப் பதினான்கு வருட இடைவெளிதான் வரலாறு எழுதுகிறவன் உற்றுப் பார்க்க வேண்டிய இடம். இசைத்தட்டுகள் கடையில் இல்லை, வானொலியில் இல்லை. ஆனால் கல்லூரிக் கன்ரீன்களில் பாட்டு இருந்தது. ஒருவன் பாட மற்றவன் பிடித்துக்கொள்ள, எழுதியவர் யாரென்று தெரியாமலே மாணவர்கள் மேசையில் தாளம் தட்டிப் பாடினார்கள். 1992இல் சுமன் சட்டோபாத்யாய், பின்னாளில் கபீர் சுமன் என்று அறியப்பட்டவர், தனி ஆளாக ஒரு கிற்றாரோடு வெளியிட்ட 'தோமாகே சாய்' வங்காளத்தையே உலுக்கியது. நகரத்து மனிதனின் அன்றாடத்தைப் பாட்டில் வைக்கலாம், அதைக் காசு கொடுத்து வாங்கவும் ஆட்கள் உண்டு என்று கசெற் கம்பனிகள் அப்போதுதான் கண்டுகொண்டன. மொஹினேர் கோராகுலி ஒன்றரைப் பத்தாண்டு முந்தி வந்துவிட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். என் எண்ணம் வேறு. அவர்கள் முந்தி வந்திராவிட்டால் அந்தக் கன்ரீன் மேசைகளில் தட்டுவதற்குப் பாட்டே இருந்திராது.

இப்போது அந்தக் கசெற்றுக்கு வருவோம். கௌதமுக்கு எளிதான வழியொன்று இருந்தது. பழைய ஏழு பேரில் கிடைத்தவர்களைக் கூட்டி, பழைய பாட்டுகளைத் துப்புரவாகத் திரும்பப் பதிந்து விற்றிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கல்லூரிகளிலும் சின்னச் சின்ன மேடைகளிலும் பாடிக்கொண்டிருந்த இளையவர்களைத் தேடிப் போனார். கௌதமின் பாட்டுகளோடு அந்த இளையவர்களின் சொந்தப் பாட்டுகளும் சரிக்குச் சரியாக இடம்பெற்றன. உறையில் மொஹினேர் கோராகுலி தொகுத்தது என்று போட்டார்கள். ஒரு றொக் குழு தன் பெயரைப் பதிப்பாசிரியர் பெயராக மாற்றிக்கொண்டது. தன் புகழ் மீது உரிமை கொண்டாடுகிற தொழிலில் இப்படி ஒரு காரியத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அதில் அதிகம் பரவிய பாட்டு, குரொஸ்விண்ட்ஸ் குழுவினர் இசைத்த 'ப்ரிதிபிடா நாகி'. செய்மதித் தொலைக்காட்சி இந்தியாவுக்குள் நுழைந்து மூன்று நான்கு வருடமே ஆகியிருந்த நேரம். உலகம் சுருங்கிச் சுருங்கி வரவேற்பறைப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது, பக்கத்து மனிதன் தூரமாகிவிட்டான் என்கிற துக்கத்தை அந்தப் பாட்டு வைத்திருந்தது. 1977இல் இதை எழுதியிருக்கவே முடியாது. அடுத்து வந்த சில வருடங்களில் இதே முறையில் மேலும் மூன்று தொகுப்புகள் வந்தன. 1999 ஜூனில் கௌதம் இறந்தார். அதற்குள் கல்கத்தாவில் தெருவுக்கொரு வங்காள றொக் குழு முளைத்திருந்தது. 2006இல் 'கேங்ஸ்டர்' என்ற ஹிந்திப் படத்தில் அந்தப் 'ப்ரிதிபிடா' மெட்டு வேறு சொற்களோடு ஒலித்தது. பாடியவர் பங்களாதேஷின் றொக் பாடகர் ஜேம்ஸ். எல்லைக்கு அப்பாலிருந்த ஒரு வங்காளி, இப்பால் பிறந்த மெட்டை, வேறொரு மொழியில் இந்தியா முழுக்கக் கொண்டுபோனார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு திரும்பி வருகையையும் சொல்ல வேண்டும். பம்பாயில் 1984இல் தொடங்கிய 'றொக் மெஷின்', 1993இல் 'இண்டஸ் கிரீட்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1997இல் கலைந்தது. ஆங்கிலத்தில் பாடிய குழு. அந்தத் தலைமுறை இந்திய றொக் இரசிகர்களுக்கு அவர்களே உச்சம். உதய் பெனகல், மகேஷ் தினைக்கர், சுபின் பாலபோரியா மூவரும் 2010இல் சேர்ந்து, பேஸ் கிற்றாருக்கும் ட்ரம்ஸுக்கும் ருஷாத் மிஸ்திரி, ஜெய் ரோ கவி என்ற இளையவர்களை எடுத்துக்கொண்டார்கள். 2012இல் 'இவோல்வ்' வெளியானது. முந்தைய இசைத்தொகுப்புக்கும் இதற்கும் பதினேழு வருட இடைவெளி. எட்டே பாட்டு; பழைய வெற்றியின் சாயல் எதிலும் இல்லை. நேர்மையான வேலை அது. என்றாலும் அது அந்தக் குழுவின் வேலையாக நின்றது. கௌதமின் கசெற் ஒரு ஊரின் வேலையாகப் பெருகியது. இந்த வித்தியாசத்தில்தான் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது.

ஏனென்றால் இதை நான் எழுதுவது மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயிலிருந்து. சென்ற வாரம் எழுதிய நமது பொப்பிசைக் காலத்தை நினைத்துப் பாருங்கள். நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடியதும், ஏ. ஈ. மனோகரன் மேடைகளைக் கலக்கியதும், யாழ்ப்பாணத்தில் கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்று ஊருக்கு ஊர் இசைக்குழு தேடிப்போனதும் ஏறக்குறைய மொஹினேர் கோராகுலியின் அதே காலம். அந்தக் கல்கத்தாக் குழுவைக் கேட்க ஆள் இல்லை. நமக்கோ திருநாள் மேடையைச் சுற்றி இடம் கிடைக்காத கூட்டம். பிறகு போர். 1990இல் தலைமன்னார் ரயில் நின்றது. மன்னார்த் தீவிலிருந்து சனங்கள் வள்ளமேறி இராமேஸ்வரம் போனார்கள். அந்த ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் தீவை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். கிற்றார்களும் பொங்கோக்களும் எந்த வீட்டில் கிடந்து போயின என்று யார் கண்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டுக் கேட்டார்கள். சக்கரம் சற்றுத் தளர்ந்தால் பாட்டுக்காரரின் குரலும் இழுபட்டுத் தாழும்; உடனே மற்றவர் கை மாற்றுவார்.

ரயில் 2015 மார்ச்சில் திரும்பத் தலைமன்னாருக்கு வந்தது. பாட்டும் ஒருவகையில் வந்தது. இங்கே கடற்கரையோரக் கல்யாண வீடுகளில் கீபோர்டும் ஒக்டோபாடும் வைத்து இசைக்கும் பெடியள், இரவு ஏறிய பிறகு பெரியவர்கள் கேட்டால் அந்தப் பொப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள், ஒரு சொல் பிசகாமல். அங்கேதான் எனக்கு வருத்தம். நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்திய மாமியும் கள்ளுக்கடையும் அப்படியே இருக்கின்றன. அலைபேசியில் கனடாவிலிருந்து பேசும் அண்ணனும், கடலில் வலையறுந்து திரும்பும் வள்ளமும், வீட்டுக்குப் பின்னால் எழும்பி நிற்கும் காற்றாலையும் அந்த மெட்டுக்குள் இன்னும் ஏறவில்லை. அந்தப் பெடியளில் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் வெட்கத்தோடு பாடிக் காட்டுவார்கள். மேடையில் பாட மாட்டார்கள். மூத்த கலைஞர் ஒருவர் அவர்களைக் கூப்பிட்டு, என் பெயரில் ஒரு இறுவட்டு வருகிறது, பாதி உங்கள் பாட்டு என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதைக் கல்கத்தா ஏற்கெனவே காட்டிவிட்டது. அப்படிக் கூப்பிடக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கொழும்பிலும் மெல்பேர்னிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

கல்கத்தாவின் அந்தப் பழைய குதிரைகளில் பலர் போய்விட்டார்கள். ரஞ்சன் கோஷால் 2020இல் காலமானார். பாபி என்று எல்லாரும் அழைத்த தாபஸ் தாஸுக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டபோது, சிகிச்சைச் செலவுக்காகக் கல்கத்தாவிலும் டாக்காவிலும் இசைக்குழுக்கள் மேடை போட்டன. 2023இன் தொடக்கத்தில், மூக்கில் செருகிய உணவுக் குழாயோடு, அவரே ஒரு மேடையில் ஏறிப் பாடினார். கீழே நின்று கூடவே பாடியவர்களில் மிகப் பலர் குழு கலைந்த பிறகு பிறந்தவர்கள். அந்த ஜூனில் அவரும் காலமானார்.

டாக்கா மொஹினேர் கோராகுலியின் பாட்டைத் தன் பாட்டாக நினைத்ததற்கு வேறொரு பழைய காரணமும் உண்டு. 1971இல் துவக்கு ஏந்திப் போரிட்டுவிட்டு, பங்களாதேஷ் விடுதலைக்குப் பிறகு கிற்றாரோடு மேடையேறிய ஆசம் கானில் அது தொடங்குகிறது. அவரைப் பற்றி அடுத்த வாரம்.