வேற்றுமையுருபும் ஆங்கில முன்னிடைச் சொல்லும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் பெரிதும் இடறுவது, பெயருக்கு முன்னே நின்று இடமும் காலமும் உணர்த்தும் சிறு சொற்களிலேயாம். "ஒன் ரைம்" என்பது குறித்த நேரத்திலேயே எனவும், "இன் ரைம்" என்பது காலங் கடந்துவிடுமுன் எனவும் பொருள்படும். பத்து மணிப் புகைவண்டி பத்து மணிக்கே புறப்படின் முன்னையது. அது புறப்படுமுன் நாம் நிலையத்தை அடைந்துவிடின் பின்னையது. நாமோ இரண்டையும் "நேரத்துக்கு" என்றே சொல்லி அமைகின்றோம். "ஒன் தி வே" வந்துகொண்டிருப்பவனைக் குறிக்கும். "இன் தி வே" தடையாய் நிற்பவனைக் குறிக்கும். தமிழில் இருவரும் "வழியில்" உள்ளவரே.

இதனை மாணவரின் அறிவுக் குறையெனக் கொள்வோர் இரு மொழிகளின் வரலாற்றையும் நோக்காதவராவர். நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்குக் கண், மேல், உள், புறம் முதலாக 28 உருபுகளைத் தொகுத்தார். அவற்றுள் இன்றைய உரைநடையிற் பெருவழக்காய் நிற்பது "இல்" ஒன்றே. மேசையில் நூல், பெட்டியில் நூல் என்கிறோம். மேலா உள்ளா என்பதை மேசையும் பெட்டியுமே உணர்த்திவிடுகின்றன.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் இந்நிலைக்கு வெகு தொலைவில் இருக்கவில்லை. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வெல்லுமுன் வழங்கிய பழைய ஆங்கிலத்திற் பெயர்கள் வேற்றுமை விகுதி ஏற்றன. மேலைச் சக்சனியர் வழக்கில் "ஒன்" என்னும் சொல்லே உள், மேல் என்னும் இரு பொருளையும் பெரும்பாலும் தாங்கிற்று. உறங்குதலைக் குறிக்கும் "அஸ்லீப்", உயிரோடிருத்தலைக் குறிக்கும் "அலைவ்" ஆகியவற்றின் முதலெழுத்து அந்த "ஒன்" என்பதன் எச்சமேயாம். விகுதிகள் தேய்ந்தபின்னரே முன்னிடைச் சொற்களின் பாரம் மிகுந்தது. ஆங்கிலேயரின் முன்னோரும் நம்மைப்போல் ஒரு சொல்லாலே காலந்தள்ளியவர் என்பது நமக்குச் சிறிது ஆறுதல் தரும்!

யாழ்ப்பாணத்தில் இவ்விரு இலக்கண மரபுகளும் நெருங்கிச் சந்தித்த இடம், அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி. ஆங்கிலத்தோடு தமிழும் அங்கு கற்பிக்கப்பட்டது. அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையுடன் பதிப்பித்தார். வேற்றுமையியல் அவ்வதிகாரத்தின் ஒரு பகுதி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. செமினரி 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி இளைஞரை உத்தியோகத்துக்கே ஈர்க்கின்றது என்ற எண்ணம் அதற்கொரு காரணமாயிற்று.

உத்தியோகத்துக்கு வேண்டிய ஆங்கிலத்தைச் சொற்றொடர்ப் பட்டியலாக மனனஞ் செய்யலாம்; ஆயினும் பட்டியலில் இல்லாத தொடர் வந்துழி அது உதவாது. "அற் தி என்ட்" ஒழுங்கையின் ஈற்றைக் காட்டும். "இன் தி என்ட்" நெடும் முயற்சிக்குப்பின் வந்த முடிவைக் காட்டும். "இறுதியில்" என்னும் ஒரு சொல்லை எழுதுமுன் அது இடமா, முடிவா என வினவுதல், வேற்றுமைப் பொருளை ஆராய்ந்த நம் உரையாசிரியர்க்குப் பழகிய வழியே.