படுகளம் என்னும் ஆடுகளம்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் போர்மேடைகள்

சித்தூர் வட்டாரத்துப் பாரத விழாக்களின் இறுதிக் கட்டத்தில், ஊர்ப்புறத் திடலில் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். மண்ணைக் குவித்துச் செய்த உடல். ஆள் உயரத்தைக் காட்டிலும் பன்மடங்கு நீளம். முகத்திலும் மார்பிலும் வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். அந்த மண்ணுடலின் மீதும் அதைச் சுற்றியும், வேடம் புனைந்த இன்னொரு துரியோதனன் வீமனோடு பொருகிறான். ஒரே பாத்திரம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது: ஒன்று ஓடிச் சண்டையிடுகிறது, மற்றொன்று தரையாகக் கிடக்கிறது. சண்டை நடக்கும் மேடையே சண்டையிடுபவனின் உடல். தமிழ், தெலுங்கு நாடக வரலாறுகள் இத்தகைய மேடையை மேடையாகக் கணக்கில் கொள்வது அரிது. அவ்விடுபாட்டைப் பற்றியது இக்கட்டுரை.

மேடை வெறும் பின்புலமா, அல்லது போரின் விதிகளுள் ஒன்றா? இவ்வினாவை இன்று அன்றாடம் எதிர்கொள்பவர்கள் கணினி விளையாட்டு வடிவமைப்பாளர்கள். 1999இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’, மசாஹிரோ சகுராய் தலைமையில் உருவானது. பிளாட்ஃபார்ம் ஃபைட்டர் என்று வழங்கும் வகைக்கு அதுவே முன்மாதிரி. அதன் அடிப்படை ஆட்டமுறையில் அடிபட்டவுடன் எவரும் வீழ்வதில்லை. அடி ஏற ஏற, அடுத்த அடியில் வெகுதொலைவு தூக்கியெறியப்படுவர். மேடையின் எல்லையைத் தாண்டி வெளியே விழுந்தால்தான் தோல்வி. ஆகவே விளிம்பு எங்கே, மிதக்கும் தட்டுகள் எத்தனை, அவற்றின் உயரம் என்ன என்பவையே போரின் போக்கை வகுக்கின்றன. தட்டையான மேடையில் ஒதுங்க இடமில்லை. தட்டுகள் உள்ள மேடையில் மேலிருப்பவனுக்கு ஒரு நன்மை, கீழிருப்பவனுக்கு வேறொரு நன்மை. நகரும் மேடையில் இருவருமே மேடையின் வேகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். இப்பார்வையோடு சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் களங்களை அணுகினால், அவற்றின் அமைப்பில் ஒரு தெளிவான ஒழுங்கு புலப்படும்.

முதலில் வட்டாரத்தைப் பற்றிச் சில குறிப்புகள். 1911 ஏப்ரல் 1 வரை சித்தூர், வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. அன்று புதிய சித்தூர் மாவட்டம் உருவானபோது வடஆர்க்காட்டு வட்டங்களும் கடப்பை மாவட்டப் பகுதிகளும் அதில் இணைந்தன. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது; சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்தின் பக்கம் சென்றன. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறும் மரபு மிகப் பழையது. ஆயினும் திரௌபதி அம்மன் வழிபாடு இக்கோடுகளில் எதையும் பொருட்படுத்தவில்லை. செஞ்சியைச் சுற்றி இவ்வழிபாடு எவ்வாறு வேரூன்றியது என்பதை ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் வெளிவந்த இரு தொகுதிகளில் விரிவாக ஆராய்ந்தார். அதே வழிபாடு புத்தூர், நகரி, பலமனேர், குப்பம் எனத் தெலுங்கு வழங்கும் ஊர்களில் தர்மராஜர் கோயில்களாகத் தொடர்கிறது. தமிழ்ப் பக்கத்தில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. ஆந்திரப் பக்கத்தில் பகலில் ஹரிகதை, இரவில் வீதி நாடகம். தெரு வீதியாகவும் கூத்து நாடகமாகவும் மாறியிருக்கின்றன. தொடரின் கட்டமைப்பு ஒன்றே.

‘களம்’ என்ற சொல்லும் இவ்வுறவைக் காட்டுகிறது. தமிழில் அது நெற்களத்தையும் குறிக்கும், போர்க்களத்தையும் குறிக்கும். போரை ஏர்த்தொழிலாக உருவகிக்கும் பழைய புலமை மரபு இவ்விரு பொருள்களின் நெருக்கத்திலிருந்தே வளர்ந்தது. கலிங்கத்துப்பரணியின் இறுதிப் பகுதி களத்தைப் பாடுவதாகவே அமைந்துள்ளது. தெலுங்கில் இவ்விரு பொருள்களும் தனித்தனி வடிவங்களாகப் பிரிந்துவிட்டன: நெற்களத்துக்குக் ‘கள்ளமு’, போருக்கும் போர்க்களத்துக்கும் ‘கலனு’. ‘படுகளம்’ என்பதில் உள்ள ‘படு’ கிடத்தலையும் சாதலையும் ஒருங்கே உணர்த்துகிறது. மல்லாந்து கிடக்கும் மண்ணுடலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

பாரத விழாவில் போர்மேடை ஒன்றல்ல; குறைந்தது நான்கு. அவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மோதலுக்காக வகுக்கப்பட்டவை.

முதலாவது நகரும் மேடை. பகாசுர வதத்தன்று வீமன் வேடமிட்டவர் சோறும் பண்டங்களும் நிறைந்த வண்டியில் ஊரைச் சுற்றி வருகிறார். வீடுகளிலிருந்து உணவு வந்து சேர்கிறது. கதைப்படி ஏகசக்கர நகரின் ஒவ்வொரு குடும்பமும் அசுரனுக்குத் தன் முறைக்கு உணவளிக்க வேண்டும். வண்டி செல்லும் வழி அந்த முறையை ஊரின் வரைபடத்தின்மீது எழுதிக் காட்டுகிறது. எந்தத் தெருவுக்குள் வண்டி நுழைகிறது என்பது, யார் அந்த ஊர், யார் அந்தக் கதை என்பதையும் சொல்லிவிடுகிறது. அவ்வகையில் இம்மேடையின் எல்லை சமூக எல்லையும் ஆகும்.

இரண்டாவது செங்குத்து மேடை. தமிழில் தபசு மரம், சித்தூர்த் தெலுங்கில் ‘தபசு மானு’. மரம், மானு ஆகிய இரண்டும் ஒரே திராவிட வேரின் கிளைகள். உயர்ந்த அடிமரத்தை நட்டு, குறுக்குச் சட்டங்களைப் படிகளாக்கி, உச்சியில் ஒரு தட்டு அமைப்பார்கள். பாசுபதாத்திரம் வேண்டித் தவமிருக்கும் அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறுகிறான். இங்கே எதிராளி இல்லை, உயரமே எதிராளி. விழும் அபாயம் பாத்திரத்துக்கும் நடிகருக்கும் பொதுவானது. உச்சியிலிருந்து அவர் எலுமிச்சையும் வில்வமும் திருநீறும் வீசுகிறார். குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே கிடந்து அவற்றை எதிர்நோக்குகின்றனர். மேலிருப்பவரின் கைக்கும் கீழிருப்போரின் வேண்டுதலுக்கும் இடையிலான அந்தத் தொலைவுதான் இம்மேடையின் உள்ளடக்கம். அர்ச்சுனன் தரையில் நின்று வில்வத்தை வழங்கினால் அது பிரசாதம் மட்டுமே, தவமாகாது.

மூன்றாவது இரவுக் கூத்தின் தட்டையான களம். பின்னால் மேளக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும். முன்னால் இருவர் பிடிக்கும் திரை. மூன்று புறமும் மக்கள். போர்க்காட்சிகளின் பெரும்பகுதி இங்கே ஆயுதம் படாமலே நடந்துவிடுகிறது. கிறுகியாடலும் தர்க்கப் பாட்டும் அம்புகளின் இடத்தைப் பிடிக்கின்றன. ஒதுங்க இடமற்ற தட்டையான தரை என்பதால் சொல்லே இங்கு முதன்மையான படைக்கலன்.

நான்காவதான படுகளத்தில் இம்முறை தலைகீழாகிறது. பாட்டு பின்வாங்க, தரை முன்வருகிறது. துரியோதனனின் உயிர்நிலை தொடையில் உள்ளது. மண்ணுடலின் தொடையில் செந்நீர் நிரம்பிய கலயம் ஒன்றைப் புதைத்துவைப்பார்கள். துரத்தல் எத்தனை சுற்று நடந்தாலும் அது சென்று முடிய வேண்டிய இடம் முன்னரே குறிக்கப்பட்டுவிட்டது. கண்ணன் தொடையைத் தட்டிச் சைகை காட்டுவதும், வீமன் கதையால் அவ்விடத்தை அடிப்பதும், கலயம் உடைவதும், அந்தச் செந்நீரால் திரௌபதியின் விரிந்த கூந்தல் முடிக்கப்படுவதும் தொடர்ந்து நிகழ்கின்றன. சூதாட்ட அவையில் எந்தத் தொடை காட்டி அவள் அவமதிக்கப்பட்டாளோ, அத்தொடையிலேயே விழா முழுவதும் தேங்கி நின்ற சபதம் தீர்கிறது. கதையறம் இதை முறையற்ற அடி என்கிறது. இடுப்புக்குக் கீழே தாக்குவது கதாயுத்த விதிக்குப் புறம்பு. களத்தின் அமைப்போ அந்த அடி ஒன்றுக்காகவே திட்டமிடப்பட்டது. நூல் ஐயுறும் இடத்தில் மேடை தீர்ப்பு வழங்கிவிடுகிறது. அதன் பிறகு எழும் ஒப்பாரி, தமிழ்ப் பக்கத்துக் கூத்தில் துரியோதனன் மனைவி பெருந்திருவாளின் அழுகை, அத்தீர்ப்பின் விலையை மக்களுக்கு நினைவூட்டுகிறது. முடிவில் அவர்கள் அந்த மண்ணையே எடுத்துச் செல்கிறார்கள். வீட்டிலும் வயலிலும் அதைச் சேர்ப்பதுண்டு. போர்க்களம் நெற்களத்துக்குத் திரும்புகிறது.

திருப்பதியில் இதற்கு ஓர் இணை உண்டு. தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாதரை ஒரு வார விழா. மே மாதத்தில் நிகழ்வது. பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவைக் கண்டு அஞ்சி ஒளிந்துகொள்கிறான். அவள் நாளொரு வேடமாய் அவனைத் தேடி, இறுதியில் துரை வேடத்தில் வெளிவரச் செய்து தலையைக் கொய்கிறாள். பெண்தெய்வத்தின் வேடங்களைக் கைக்கால குடும்பத்து ஆண்கள் புனைகின்றனர். ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் வெளியிட்ட நூலில், அவ்விழா நாள்களில் உலகமே பெண்மையாவதை விளக்குகிறார். மேடையமைப்பின் நோக்கில் பார்த்தால், இங்கே களம் என்பது தெருக்களும் வாசற்படிகளும். ஒளிந்தவனைத் தேடும் போர் ஆகையால் திறந்த திடல் பயன்படாது. மூலைகளும் திருப்பங்களும் வேண்டும். நகரமே அவற்றை வழங்குகிறது. இறுதி விடியலில், கோயிலில் களிமண்ணால் செய்த கங்கம்மாவின் பேருருவத்தின் கன்னம் வெட்டப்படுகிறது. அந்த மண்ணும் பிரசாதமாகக் கலைகிறது. சித்தூர்ப் படுகளத்தில் பகைவனின் உடல் கலைகிறது என்றால், திருப்பதியில் வென்றவளின் உருவம் கலைகிறது. இரண்டிலும் போர் முடிந்தபின் மேடை நிலைப்பதில்லை.

நாடக வரலாறு இம்மேடைகளைத் தவறவிட்டதற்கு இந்த நிலையாமை ஒரு காரணம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கின் அளவுகளைக் கோல் கணக்கில் தருகிறது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம்; மூவகை எழினி; தூண்களின் நிழல் விழாதபடி விளக்கு. அளவுள்ளது அரங்கு என்ற எண்ணம் அங்கிருந்து நேரே சபா மேடைகளுக்குத் தாவிவிடுகிறது. கடப்பைப் பகுதியில் 1885இல் தோன்றிய சுரபி நாடகக் குழுவும், பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையும் திரைச்சீலையும் காட்சியமைப்பும் கொண்ட அரங்கை நவீனத்தின் அடையாளமாக்கின. இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட கூத்து ‘மேடையற்ற கலை’ எனப் பெயர் பெற்றது. உண்மையில் அங்கே மேடை மிகுதியாகவே உள்ளது. அது கட்டடமாக நிற்காமல் ஒவ்வொரு மோதலுக்கும் புதிதாக எழுப்பப்பட்டுக் கலைக்கப்படுகிறது.

மொழிவாரி எல்லை மற்றொரு காரணம். தமிழாய்வு திருத்தணியோடு நின்றுவிட, தெலுங்காய்வு வீதி நாடகத்தைக் குச்சிப்புடி போன்ற கடலோர மரபுகளின் வழியே பார்க்க, இடைப்பட்ட நிலம் இரு பாடத்திட்டங்களுக்கும் வெளியே விழுந்துவிடுகிறது. பாட்டும் கதையும் ஒலிப்பதிவாகின்றன, கட்டியக்காரனின் நகைச்சுவை படமாகிறது. மண்ணுடலின் தலை எத்திசை நோக்குகிறது, கலயம் எத்தொடையில், எவ்வளவு ஆழத்தில், வண்டி எத்தெருவில் திரும்பியது என்பன பதிவாவதில்லை. கலைந்துவிடும் மேடைக்கு ஆவணம் என்பது அதைச் செய்யும் கைகளும் அவர்கள் வழங்கும் சொற்களும் மட்டுமே. திடல்கள் மனைகளாகும் காலத்தில் இரண்டுக்கும் நெடுநாள் உறுதி இல்லை. அடுத்த பாரத விழாவுக்குக் களப்பணி செல்லும் மாணவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு ஓர் அளவுநாடாவையும் எடுத்துச் செல்வது நன்று.