இரத விளக்கு ஏன் அணைகிறது, மின்கசிவு எங்கிருந்து வருகிறது: ஊர்வலத்திற்கு முன் ஆலயங்கள் பார்க்க வேண்டியவை

தைப்பூசத்திற்காகக் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீ ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து இரவில் புறப்படும் வெள்ளி இரதம், சுமார் 15 கிலோமீட்டர் கடந்து மறுநாள்தான் பத்துமலையைச் சென்றடைகிறது. அத்தனை மணி நேரமும் அதன் விளக்குகள் எரிய வேண்டும். கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் தோட்ட ஆலயங்களின் ஆடித் திருவிழா இரதம் ஓரிரு கிலோமீட்டர்தான் சுற்றி வரும். ஆனால் மின்சாரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். சக்கரத்தில் ஓடும், குலுங்கும், நனையும், மின்சாரத்தையும் கூடவே சுமந்து செல்லும்.

வேறுபாடு ஒன்று உண்டு. பெரிய ஆலயங்களில் வயரிங் பார்க்க ஆள் இருக்கும். சிறிய ஆலயங்களில், போன ஆண்டு திருவிழா முடிந்ததும் சுருட்டிப் பெட்டிக்குள் போட்ட லிப்-லாப் விளக்குகளையே இந்த ஆண்டும் எடுத்துக் கட்டுகிறார்கள். எரிந்தால் சரி என்று விட்டுவிடுகிறார்கள். எரிகிறது என்பதற்கும் பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்கும் தொடர்பே இல்லை. இரும்புச் சட்டத்தின் மேல் தகடு அடித்த இரதத்தைத் தொட்டபடி, ஈரச் சாலையில் வெறுங்காலுடன் நடப்பவர்கள் பக்தர்கள். மின்கசிவு ஏற்பட்டால் அவர்களுக்கு அதைவிட ஆபத்தான நிலை வேறு இல்லை.

கோளாறு இருப்பது இணைப்புகளில்

இரத விளக்கு அணைந்தால் பலரும் முதலில் சந்தேகிப்பது பல்பை. பெரும்பாலும் குற்றவாளி இணைப்புதான். இரண்டு வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இடம் வீட்டுக் கூரைக்குள் பல ஆண்டு தாங்கலாம். இரதத்தில் தாங்காது. சாலை மேட்டில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் முறுக்கு சற்றுத் தளர்கிறது. நம் நாட்டு வெயிலில் டேப்பின் பசை இளகி வழிகிறது. பிறகு மழை.

மழையைவிட மோசமானது தேங்காய்த் தண்ணீர். அதில் பொட்டாசியம் போன்ற உப்புகள் இருப்பதால் மழைநீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். இரதத்தின் முன் நூற்றுக்கணக்கில் தேங்காய் உடைபடும்போது தெறிக்கும் தண்ணீர், அடித்தட்டில் ஓடும் வயர் இணைப்புகளில் படுகிறது. அர்ச்சனைப் பால், மஞ்சள் நீரும் அப்படியே. காய்ந்த பிறகும் உப்பு அங்கேயே தங்கிவிடும். அடுத்த ஆண்டு சிறு தூறல் விழுந்தாலே போதும், அந்த உப்பு மறுபடி ஈரமாகிக் கசிவு தொடங்கும். “போன வருஷம் நல்லா இருந்துச்சே” என்ற வியப்புக்குப் பல இடங்களில் இதுவே விடை.

எனவே இணைப்புகள் இரதத்தின் கீழ்த்தட்டில் இருக்கக்கூடாது. தரையிலிருந்து உயரமாக, மூடியுள்ள பெட்டிக்குள் ஸ்க்ரூ கனெக்டர் வைத்து முடுக்க வேண்டும். வெளியில் வைக்கும் பெட்டியும் பிளக்கும் ஐபி65 தரமாக இருந்தால் நல்லது. வயர் பெட்டிக்குள் மேலிருந்து நுழைந்தால் தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கும். வயரைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்து, அடிப்பக்கத் துளை வழியே ஏற்ற வேண்டும். அப்போது தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

விளக்குச் சரத்தை மரச்சட்டத்தில் ஸ்டேப்ளர் துப்பாக்கியால் அடிப்பதும் பரவலான பழக்கம். கம்பி வயரின் உறையைக் குத்தினால் உடனே எதுவும் தெரியாது. விளக்கும் எரியும். ஊர்வலத்தின் நடுவில்தான் தெரியவரும். பிளாஸ்டிக் கேபிள் டை சில ரிங்கிட்டில் கிடைக்கிறது.

எங்கே தேடுவது

பழைய சீரியல் பல்புச் சரத்தில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் அந்தப் பகுதி முழுவதும் அணையும். எல்.இ.டி பட்டைகள் வேறு மாதிரி. அவற்றைச் சில விளக்குகள் கொண்ட சிறு துண்டுகளாக அமைத்திருப்பார்கள். ஒரு துண்டு மட்டும் இருண்டிருந்தால் அந்தத் துண்டுதான் பழுது. ஓரிடத்திற்குப் பிறகு எல்லாமே இருண்டிருந்தால் அந்த இடத்தில் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. நிறம் மாறி ஓடும் பிக்ஸல் விளக்குகளில் கட்டளையும் விளக்கு விளக்காகக் கடந்து செல்வதால், ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவை செயலிழக்கலாம். அப்போது அணைந்தவற்றில் முதலாவதையும், அதற்கு முந்தையதையும் பார்த்தால் போதும். கடைசி விளக்கு வரை பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

இரதம் நிற்கும்போது எரிந்து, நகரும்போது மினுக்கினால் தளர்ந்த இணைப்பு. எல்லா விளக்கும் சேர்ந்து ஏறி இறங்கினால் ஜெனரேட்டரின் வேகம் நிலையாக இல்லை. சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி மங்கலாக ஒளிர்ந்தால், சுவிட்ச் லைவ் வயரில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கக்கூடும். இது சாதாரணமாகத் தோன்றினாலும் ஆபத்தானது. விளக்கு அணைந்திருக்கிறது என்று நம்பி வயரில் கைவைப்பவருக்கு அங்கே 230 வோல்ட் காத்திருக்கும்.

இதில் நிறக் குழப்பமும் சேர்கிறது. நம் வீடுகளின் பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். வளையும் கேபிளில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பல ஆண்டுகளாகப் பலர் கைபட்ட இரதத்தில் இரண்டும் கலந்திருக்கும். நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்ப்பதே முறை.

ஆர்.சி.சி.பி. விழுந்தால்

எம்.சி.பி. விழுவதும் ஆர்.சி.சி.பி. விழுவதும் ஒன்றல்ல. எம்.சி.பி. விழுந்தால் சுமை அதிகம் அல்லது ஷார்ட். ஆர்.சி.சி.பி. விழுந்தால், போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியே திரும்பவில்லை, ஒரு பகுதி வேறு எங்கோ போகிறது என்று பொருள். அந்த ‘வேறு எங்கோ’ இரதத்தின் இரும்பாக இருக்கலாம், ஒரு மனிதராகவும் இருக்கலாம். கையில் பிடிக்கும் சாதனங்கள் உள்ள இடங்களுக்கு 30 மில்லி ஆம்பியர், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் என்று மின்சார ஒழுங்குமுறை விதிகள் 1994 வகுத்திருப்பது இதற்காகத்தான்.

திருவிழா இரவில் ஆர்.சி.சி.பி. திரும்பத் திரும்ப விழும்போது, அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிடும் ‘திறமைசாலி’ ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அந்த ஒரு வேலையை மட்டும் எந்த ஆலய நிர்வாகமும் அனுமதிக்கக்கூடாது. விளக்கில்லாத இரதம் ஒரு மனக்குறை. அவ்வளவுதான்.

முறையாகத் தேடினால் கால் மணி நேர வேலை. எல்லா விளக்குச் சரங்களையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு ஆர்.சி.சி.பி.-ஐ ஏற்ற வேண்டும். நின்றால், சரங்களைப் பாதிப் பாதியாக மாட்டிப் பார்க்கலாம். எந்தப் பாதியை மாட்டும்போது விழுகிறதோ, அதை மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். 16 சரம் இருந்தாலும் நாலைந்து சோதனையில் பழுதான சரம் அகப்பட்டுவிடும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. நியூட்ரலில் கசிவு இருந்தால் சுவிட்ச் அதைத் துண்டிக்காது. எல்லாம் கழற்றிய பிறகும் விழுந்தால், பழுது சரங்களில் இல்லை, பெட்டியிலோ பிரதான கேபிளிலோ இருக்கிறது.

அரை மணி, ஒரு மணி நேரம் எரிந்த பிறகே எம்.சி.பி. விழுந்தால் சுமையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். 3 கிலோவாட் ஜெனரேட்டர் 230 வோல்ட்டில் தருவது சுமார் 13 ஆம்பியர். விளக்கு, ஒலிபெருக்கி, மின்விசிறி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் ரீலை முழுவதும் உருவாமல் சுருளாகவே வைத்துப் பயன்படுத்தினால் சூடு வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே உறை உருகும். பட்டுத் துணியும் காகிதப் பூவும் கற்பூரமும் உள்ள இடத்தில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெனரேட்டரில் ஒளிந்திருக்கும் ஏமாற்று

இது பலருக்கும், சில வயர்மேன்களுக்குமே, பிடிபடாத விஷயம். டிஎன்பி மின்சாரத்தில் நியூட்ரல் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரம் பூமி வழியே திரும்பப் பாதை கிடைத்து ஆர்.சி.சி.பி. விழுகிறது. வாடகைக்குக் கிடைக்கும் பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எதனோடும் இணைக்கப்படாமல் தனித்து நிற்கும். அங்கே லைவ் வயர் இரதத்தின் இரும்பைத் தொட்டாலும் எதுவும் நடக்காது. ஆர்.சி.சி.பி. விழாது, யாருக்கும் ஷாக் அடிக்காது, விளக்கும் எரியும். இரண்டாவதாக ஒரு பழுது, உதாரணமாக உறை கிழிந்த நியூட்ரல் வயர் ஈரச் சாலையில் உரசினால், அந்தக் கணமே வட்டம் பூர்த்தியாகிறது. இரதத்தைத் தொட்டபடி சாலையில் நிற்பவர் அந்த வட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறார். இரண்டு பழுதுமே ஆர்.சி.சி.பி.-க்குப் பிறகு இருந்தால், போனதும் வந்ததும் சமமாகவே தெரியும். கருவி வாய்மூடி இருக்கும்.

ஆர்.சி.சி.பி.-யில் உள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்த்து நிம்மதி அடைவதும் இங்கே செல்லாது. அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கிச் சோதிக்கிறது. எர்த் இருக்கிறதா என்று அது சொல்லாது. டெஸ்ட் பென்னும் இத்தகைய ஜெனரேட்டரில் நம்பத்தக்கதல்ல, லைவ் வயரிலும் ஒளிராமல் போகலாம்.

எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் ஆலய நிர்வாகம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ஜெனரேட்டரின் நியூட்ரல் அதன் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறதா, இரதத்தின் இரும்புச் சட்டம் தடித்த பச்சை-மஞ்சள் வயரால் ஜெனரேட்டர் உடலோடு கட்டப்பட்டிருக்கிறதா? ஓடும் இரதத்திற்குப் பூமியில் கம்பி நட முடியாது. இந்த இணைப்புதான் அதற்குப் பதில். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் என்றால் தயாரிப்பாளர் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்தே செய்ய வேண்டும்.

விளக்குகளை மட்டும் 12 அல்லது 24 வோல்ட் எல்.இ.டி.க்கு மாற்றி, பேட்டரியில் ஓட்டினால் இந்தத் தலைவலியில் பெரும்பகுதி நீங்கிவிடும். 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் சுமார் 600 வாட்-மணி கிடைக்கும், அதாவது 60 வாட் விளக்கு 10 மணி நேரம். இங்கே ஷாக் இல்லை என்றாலும் தீ ஆபத்து உண்டு. பேட்டரியின் பாஸிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். மெல்லிய வயரும் கூடாது. 10 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் ஓடினால், போக வர 1.2 வோல்ட் வழியிலேயே தொலையும். 12 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்கு, கடைசி விளக்குகள் மங்கித் தெரியும். 24 வோல்ட் எடுத்தால் அந்தப் பிரச்சினை வெகுவாகக் குறையும்.

பின்விளக்கை மறப்பவர்கள்

மேலே ஆயிரம் விளக்கு மின்னும். பின்னால் வரும் லோரிக்காரருக்கு வேண்டிய சிவப்பு விளக்கு இரண்டு எரியாது. இரதத்தை ஆலயத்திற்குத் திருப்பி இழுத்து வரும் நள்ளிரவில், அலங்கார விளக்குகளும் அணைந்த நேரத்தில்தான் இது உயிர்ப் பிரச்சினை ஆகிறது. டிராக்டரோ நான்கு சக்கர வாகனமோ இழுத்தால், டிரெய்லர்களுக்குப் பயன்படும் 7 முனை பிளக் வழியே பிரேக், சிக்னல், பின்விளக்கு இணைக்க வேண்டும். அந்தப் பிளக்கில் 1 இடது சிக்னல், 4 வலது சிக்னல், 5 வலது பின்விளக்கு, 6 பிரேக், 7 இடது பின்விளக்கு. 3ஆவது முனையின் வெள்ளை வயர்தான் எர்த். இடது சிக்னல் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாகச் சேர்ந்து மினுக்கினால் அந்த வெள்ளை வயரைத்தான் பார்க்க வேண்டும். இழுக்கும் வாகனப் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இரதச் சட்டத்திற்குத் தற்காலிகமாக ஒரு வயர் கொடுத்தால் சரியாகிறதா? அப்படியானால் எர்த் பழுது உறுதி. சிக்னல் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் ஒரு பல்பு போயிருக்கும், அல்லது எல்.இ.டி.யின் சுமை பிளாஷருக்குப் போதவில்லை.

தலைக்கு மேலே

2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாத் தேரின் மேற்பகுதி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். இரதத்தின் உள் வயரிங் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் இதைத் தடுக்காது. உயர் அழுத்தக் கம்பியின் முன் ஈர மரமும் கடத்திதான்.

ஊர்வலப் பாதையைப் பகலில் நடந்து பார்க்க வேண்டும். போன ஆண்டு இதே பாதையில் போனோம் என்பது உத்தரவாதம் ஆகாது. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கலாம், கம்பி தொய்ந்திருக்கலாம், இரதத்தில் புதிதாகக் குடை ஏறியிருக்கலாம். உயரம் பார்க்கக் கம்பத்தையோ இரும்பு டேப்பையோ தூக்கக்கூடாது. சந்தேகமான இடத்தை டிஎன்பியிடம் முன்கூட்டியே தெரிவித்து அளக்கச் சொல்வதே வழி. கம்பியை மூங்கிலால் தூக்கிவிட்டு இரதத்தை நுழைக்கும் வேலை அறவே கூடாது.

இரதம் கம்பியில் பட்டுவிட்டால் தொட்டுக்கொண்டிருப்பவரை இழுக்க யாரும் ஓடக்கூடாது. கூட்டத்தைக் குறைந்தது 10 மீட்டர் விலக்கி, 999க்கும் டிஎன்பியின் 15454க்கும் அழைக்க வேண்டும். அருகில் நிற்பவர்கள் கால்களைச் சேர்த்து வைத்துச் சிறு தத்தலாகவே விலக வேண்டும். அகல அடி வைத்தால் இரு கால்களுக்கு இடையிலேயே மின்சாரம் பாயும். கசிவு ஜெனரேட்டரால் என்றால் முதல் வேலை அதன் எஞ்சினை அணைப்பது. அந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர், ஊர்வலம் முடியும்வரை வேறு எந்தப் பொறுப்பும் இல்லாமல், ஜெனரேட்டர் அருகிலேயே நடந்து வர வேண்டும்.